வெளித்தேர்வாளரும் ஒரு போத்தல் ரப்பர் பாலும்

ஓய்வு பெற்றவனை வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே தரப்பினர். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் பிள்ளைகள் ஒரு தரப்பு. படிவத்தில் கையெழுத்துப் போட வெளியாள் ஒருவர் வேண்டும் என்கிற கல்லூரிகள் மறு தரப்பு. எனக்கு வந்தது இரண்டாவது அழைப்பு. ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரி, விரிவுரையாளராக விரும்புகிறவர்களுக்கு ஐந்து நாள் கற்பித்தல் பயிற்சி நடத்துகிறது. அதற்கு வெளித்தேர்வாளராக வர முடியுமா என்று கேட்டார்கள்.

மதுரையில் இதே பயிற்சியை முப்பது வருஷம் நடத்தியவன் நான். பாடம் நடத்தத் தெரியாதவர்களுக்கு நடத்தக் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதுண்டு. அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டதாகச் சான்றிதழ் கொடுத்தேன் என்பதே சரி.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஈப்போ பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள், யாரோ வேலையைப் பாதியில் விட்டுப் போனதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. என்னை விடுதிக்குக் கூட்டிப் போன ஓட்டுநர் தமிழர். பெயர் குமார். வண்டி நகர்வதற்குள் என் ஊர், வயது, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் வாங்கிவிட்டார்.

"என்னா வேலையா வந்தீங்க சார்?"

சொன்னேன்.

"வாத்தியாருக்கே டியூஷனா? பிரம்படி உண்டா?"

"இல்லை. படிவம் உண்டு."

"அஞ்சு நாள் வாத்தியாருங்கள ஒரே ரூம்ல அடைச்சு வச்சா, ஆறாவது நாள் நான்தான் வந்து தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்திட்டுப் போகணும் லா" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்து ஊர் அது. பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால் இந்த மாநிலத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே நகைச்சுவை. கீழ்ப்பாக்கத்தை வைத்து நாம் செய்கிற அதே குறும்பு.

குமார் என்னை இறக்கிவிட்டது வேறு விடுதியில். வரவேற்பில் இருந்த பெண் என் முன்பதிவைத் தேடி, கிடைக்காமல், எனக்குத் தேநீர் கொடுத்து, மறுபடி தேடினாள். மதுரையாக இருந்தால் முதல் நிமிஷத்திலேயே "தப்பா வந்துட்டீங்க" என்று வாசலைக் காட்டியிருப்பார்கள். இங்கே அதே செய்தியைச் சொல்ல இருபது நிமிஷமும் ஒரு கோப்பைத் தேநீரும் செலவாயின. எது மேல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

திங்கள் காலை பயிற்சி தொடங்கியது. ஆறு பேர். ஒரு கணக்காளர், இங்கே தாதி என்று சொல்லப்படும் நர்ஸ் ஒருவர், சமையல் கலை சொல்லித் தர விரும்பும் விடுதிச் சமையற்காரர், கணினிக்காரர்கள் இருவர், வேதியியல் பகுதிநேர ஆசிரியை ஒருவர். ஒருங்கிணைப்பாளர் டாக்டர் ஃபரீதா, ஐம்பது வயது மலாய்ப் பெண்மணி. மென்மையான குரல். கையில் எப்போதும் ஒரு நீலக் கோப்பு. அதில் பயிற்சியின் விதிமுறைகள் பிரிவு வாரியாக, வண்ணத் துண்டுகள் ஒட்டி இருந்தன. என் வாழ்நாளில் நான் மதிக்கத்தக்க கோப்பு ஒன்றைப் பிறர் கையில் பார்த்தது அதுதான் முதல் முறை.

முறை எளிது. கடைசியில் ஒவ்வொருவரும் பதினைந்து நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். மற்ற ஐந்து பேர் மாணவர்களாக உட்காருவார்கள். டாக்டர் ஃபரீதாவும் நானும் பன்னிரண்டு அம்சங்களுக்கு மதிப்பெண் போடுவோம். அதில் நான்காவது அம்சத்துக்கு நட்சத்திரக் குறி: "சமர்ப்பித்த பாடத்திட்டத்தின்படி செய்முறை நடந்தது." இது இல்லையென்றால் மற்ற பதினொன்றும் இருந்தும் பயனில்லை.

மாணவர்களாக நடிப்பவர்கள் சக ஆசிரியர்கள் என்பதில் ஒரு சிக்கல் எல்லா நாட்டிலும் உண்டு. நாளை தன் முறை வரும். ஆகையால் இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒத்திகையில் சமையற்காரர், "முட்டை ஏன் வேகிறது?" என்று கேட்டார். ஐந்து பட்டதாரிகள் அன்போடு அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். மதுரையில் முப்பது வருஷம் பார்த்த அதே புன்னகை.

மதியம் உணவகத்தில் என் எதிரில் வேதியியல் ஆசிரியை வந்து உட்கார்ந்தார். பெயர் ரெஜினா. நாற்பதை நெருங்கும் வயது. என் தட்டில் கோழியும் முளைப்பயறும். ஈப்போ முளைப்பயறு குட்டையாகவும் குண்டாகவும் இருக்கும். மலைத் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார்கள், பாடநூலில் படித்தது மாதிரி.

"நல்லா இருக்கா சார்?"

"உப்பு கொஞ்சம் குறைவு."

"சோயாவ ஊத்துங்க. ஊத்தாம சாப்பிட்டுட்டு ஊருக்குப் போயி ஈப்போ சாப்பாடு சரியில்லன்னு எழுதாதீங்க." பிறகு தயக்கமில்லாமல் சொன்னார்: "எனக்கு இது ரெண்டாவது தடவ சார். போன தடவ நேரம் தாண்டிட்டேன், பெயில். மூணாவது சான்ஸ் கிடையாது. ஒம்பது வருஷமா பார்ட் டைம். இதுல பாஸ் பண்ணா முழு நேர வேலை. இல்லன்னா அடுத்த செமஸ்டர்ல கிளாஸே இல்லன்னு கடிதம் குடுத்துட்டாங்க."

அதை அவர் முறையீடாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த மீனில் முள்ளை எடுக்கத் தொடங்கினார்.

செவ்வாய் முழுக்க மழை. தைப்பிங்கில் பெய்ய வேண்டியதெல்லாம் வழி தவறி இங்கே வந்துவிட்டது என்றார் காவலாளி. தைப்பிங் இந்த மாநிலத்தில் மழைக்குப் பெயர்போன ஊர். எல்லோரும் தாளில் வட்டங்கள் வரைந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது ரெஜினா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் காரணம் கேட்டேன்.

"மரம் நனைஞ்சா பால் வெட்ட மாட்டாங்க சார்."

அவருடைய பாடம் ரப்பர் எப்படி உறைகிறது என்பது. மரத்திலிருந்து எடுத்த பாலை மாணவர்கள் முன்னால் ஒரு தட்டில் ஊற்றி, சில துளி அமிலம் விட்டால், அவர்கள் கண்ணெதிரே அது திரண்டு கட்டியாகும். அதற்கு நீராக இருக்கிற பால் வேண்டும். புதன்கிழமை தயாரிப்பு நாள், வகுப்பு கிடையாது. ஆயர் தாவார் பக்கம், தான் பிறந்த எஸ்டேட்டுக்குப் போய் வாங்கி வரப்போவதாகச் சொன்னார்.

"எஸ்டேட்டு எங்க இருக்கு? எல்லாம் செம்பனையாயிருச்சு. முனியாண்டி அண்ணே மட்டும் ஓரத்துல அரை ஏக்கர் ரப்பர் வச்சிருக்காரு. நீங்க ரப்பர் மரம் பாத்ததில்லையே சார், வாரீங்களா?"

தேர்வாளர் தேர்வரோடு பயணம் செய்யக் கூடாது. எந்த ஊரிலும் கூடாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த விதியை எழுதியவனே நான்தான், மூன்று உட்பிரிவுகளோடு. விடுதி அறையில் இன்னொரு நாள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதை நினைத்தேன். பாடம் நடத்தும்போதுதானே தேர்வர், வண்டி ஓட்டும்போது ஓட்டுநர்தானே என்று ஒரு விளக்கம் தோன்றியது. பிறர் எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

புதன் விடியலில் வானம் வெளுத்திருந்தது. ரெஜினாவின் கார் பழையது. இங்கே காரைக் காடி என்கிறார்கள். "காடி கொஞ்சம் முனகும் சார், பயப்படாதீங்க" என்றார். ஈப்போவைத் தாண்டியதும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. கிலோமீட்டர் கணக்கில் செம்பனை. வரிசை மாறாமல், உயரம் மாறாமல், பணி மூப்புப் பட்டியலைப் போல. பழக்குலைகளை ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தோம். ஒரு குலை சாலையில் விழுந்து உருண்டது. ரெஜினா ஸ்டியரிங்கை ஒடித்துத் தப்பித்தார். ஆனால் செம்மண் பாதைக்குள் திரும்பியபோது பின் சக்கரம் காற்றிழந்துவிட்டது.

முனியாண்டி, தலையில் துண்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாகப் பாதை முனையிலேயே நின்றார். அறுபதுக்கு மேல் இருக்கும்.

"சக்கரம் போச்சா? சொன்னேன்ல, இந்த காடிய வித்துட்டு ஆடு வாங்குன்னு."

"ஆட்டுல ஏறி ஈப்போ போகவாண்ணே?"

"ஆடு பஞ்சர் ஆவாது தாயி. இவரு யாரு?"

"இந்தியாவுலேர்ந்து வந்திருக்கிற பெரிய சார். வாத்தியாருங்களுக்கு மார்க் போடுறவரு."

முனியாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவருக்கு எல்லாம் தெரியும்" என்றார். கேலியா மரியாதையா என்று அப்போது விளங்கவில்லை. நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

மெக்கானிக் வரும்வரை ரெஜினா காரடியில் நின்றார். பால் கெடாமல் இருக்கக் கொஞ்சம் அம்மோனியா விட்ட வெள்ளை பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை முனியாண்டியிடம் கொடுத்து, "இதுல பிடிச்சுக் குடுங்கண்ணே" என்றார். நான் முனியாண்டியோடு தோப்புக்குள் நடந்தேன். கொசு இருந்தது. மரங்களில் சாய்வாகக் கீறிய கோடு. அதன் வழியே பால் சொட்டிக் கோப்பையில் விழுகிறது. ஆவின் பாலைவிட வெள்ளை.

முனியாண்டி ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு டப்பாவிலிருந்து எதையோ சிறிது விட்டுக்கொண்டே போனார். ஏன் என்று கேட்டேன்.

"ஆசிட் சார். விட்டா சாயங்காலத்துக்குள்ள கட்டிப்பாலா ஆயிரும். இப்ப வாங்குறவன் கட்டிதான் வாங்குறான். தண்ணிப் பால யாரு தூக்கிட்டு அலையுறது?"

பிறகு விடாத கோப்பைகளாகப் பார்த்துப் போத்தலை நிரப்பினார். நிரப்பி முடித்து, ஒரு கையில் போத்தலும் மறு கையில் ஆசிட் டப்பாவுமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், இதுக்கும் ஊத்திடவா?"

எனக்குத் தெரியாது. அவர் கோப்பைகளுக்குச் சொன்ன காரணத்தைக் காதில் வாங்கியிருந்தேன், ஆனால் கொசுவை அடித்துக்கொண்டு வாங்கியிருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இருநூறு அடியில் ரெஜினா நின்றார், ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் என் மேசைக்கு வந்த எந்தக் கேள்வியும் பதில் இல்லாமல் திரும்பியதில்லை. விஷயம் புரியாத கோப்புகளில் நான் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு. அதையே சொன்னேன்.

"வழக்கப்படி செய்யுங்க."

அவர் வழக்கப்படி செய்தார். ஒரு மூடி அளவு.

திரும்பும் வழியில் ஆயர் தாவாரில் ஒரு சீனர் கடையில், அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடும் வெங்காய ரொட்டி சாப்பிட்டோம். கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்து, "சூடு, சூடு, மெதுவா" என்று தமிழில் சொன்னார். யாரிடமாவது என்னைப் பற்றி விசாரித்திருப்பாரோ என்று தோன்றியது. மாலையில் ரெஜினா போத்தலைக் கல்லூரி ஆய்வகத்தில் வைத்தபோது ஒரு முறை குலுக்கிப் பார்த்தார். அசைந்தது. திருப்தியாகப் போனார்.

வியாழன் காலை மூன்றாவதாக ரெஜினாவின் முறை. நன்றாகத் தொடங்கினார். தெளிவான குரல், பலகையில் எழுத்து நேராக இருந்தது. என் படிவத்தில் முதல் மூன்று அம்சங்களுக்கும் முழு மதிப்பெண். ஆய்வக உதவியாளர் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். ரெஜினா மூடியைத் திறந்து தட்டின் மேல் கவிழ்த்தார்.

எதுவும் வரவில்லை.

குலுக்கினார். உள்ளே ஏதோ ஒரே துண்டாக இடித்தது. மூக்கருகே கொண்டுபோனவர் முகம் மாறியது. எஸ்டேட்டில் வளர்ந்தவருக்கு, அமிலம் விழுந்திருக்கிறது என்று தெரிய அந்த வாடையே போதும். மாணவர்கள் ஐவரும் அன்போடு புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். இது பாடத்தின் பகுதி என்று நினைத்திருக்கலாம். ரெஜினா போத்தலை மூடி ஓரமாக வைத்தார். பிறகு பலகைக்குத் திரும்பி, தட்டில் நடந்திருக்க வேண்டியதைப் படமாக வரைந்தார். பதினைந்து நிமிஷம் முடிந்தது. டாக்டர் ஃபரீதா நான்காவது அம்சத்தில் சிறிய குறுக்குக் கோடு ஒன்று போட்டார். சத்தமே வரவில்லை. எனக்குக் கேட்டது.

இடைவேளையில் நடைபாதையில் ரெஜினா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம், காப்பியோடு.

"அண்ணே, ஏண்ணே ஊத்துனீங்க? தண்ணிப் பாலுதானே கேட்டேன்... இல்லண்ணே, திட்டல... யாரு சொன்னா? எந்த சாரு?"

பேச்சு நின்றது. ரெஜினா தூணைச் சுற்றி வந்து என்னைப் பார்த்தார்.

"நீங்களா சார்?"

"ஆமாம்."

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா அண்ணே என்னைய ஒரு சத்தம் குடுத்துக் கேட்டிருப்பாரு. அங்கதானே நின்னேன். ரெண்டு நிமிசம் சார்." சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனார். அடுத்தவர் பாடத்துக்கு மாணவராக உட்கார வேண்டுமே. புன்னகைக்கவும் வேண்டும்.

எனக்கு விதி தெரியும். தேர்வரின் தவறு அல்லாத காரணத்தால் செய்முறை கெட்டால் மறுவாய்ப்பு உண்டு, எழுத்தில் காரணம் வேண்டும். மதியம் டாக்டர் ஃபரீதாவின் அறையில் ஒரு தாளை நீட்டினேன். "எதிர்பாராத காரணங்களால் பொருள் பழுதடைந்தது. மறுவாய்ப்புப் பரிந்துரைக்கப்படுகிறது." நூறு முறை எழுதிய வாக்கியம்தான்.

அவர் படித்தார். "மன்னிக்க வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில். "யார் எதிர்பாராத காரணம்?"

"பொதுவாக..."

"பொதுவான காரணத்துக்கு என்னிடம் பிரிவு இல்லை." நீலக் கோப்பைத் திறந்து காட்டினார். உண்மையிலேயே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தேர்வரோடு பயணம் செய்தேன். கேட்கப்பட்ட கேள்விக்கு விடை தெரியாமல் விடை சொன்னேன். அதனால் பால் உறைந்தது. பிறரிடம் எத்தனையோ விளக்கக் கடிதம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எழுதுவது எவ்வளவு மெதுவாக நகரும் வேலை என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டர் ஃபரீதா இரண்டு முறை படித்துவிட்டு மிக மரியாதையாகச் சொன்னார்: "நாளை காலை பத்தரைக்கு மறுவாய்ப்பு. திருத்திய பாடத்திட்டம் இன்று ஐந்து மணிக்குள் வர வேண்டும். உங்கள் பெயரைத் தேர்வாளர் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் மதிப்பெண்ணைத் துணைமுதல்வர் பார்ப்பார்." பிறகு எனக்கு ஒரு தேநீர் வரவழைத்தார். இந்த ஊரில் கெட்ட செய்தியோடு தேநீர் வந்துவிடுகிறது.

ரெஜினாவிடம் சொன்னேன். "ஐந்து மணிக்குள் திட்டம் கொடுக்கணும். அதே திட்டத்தையே கொடுக்கலாம், விதியில் இடம் இருக்கு."

"அதே திட்டம் வேணாம் சார்" என்றார். போத்தலை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. காட்டவும் கூடாது.

வெள்ளிக்கிழமை. நல்ல வேளை, மழை இல்லை. கணினிக்காரர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். மாணவர் எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்தால் பாடம் செல்லாது என்பது விதி. டாக்டர் ஃபரீதா என்னைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். "மாணவராக உட்காரத் தடை இல்லை" என்றார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசைக்குப் போனேன். மேசையோடு ஒட்டிய நாற்காலி. என் வயிற்றுக்கு அளவெடுத்தது அல்ல.

பத்தே காலுக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். முனியாண்டி ஆயர் தாவாரிலிருந்து தானே ஓட்டி வந்திருந்தார், மடியில் கட்டிய போத்தலோடு. அதை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பூட்ஸிலிருந்து செம்மண் உதிர்ந்தது.

"இந்தத் தடவ யாரயும் எதுவும் கேக்கல சார்" என்றார் என்னிடம்.

ரெஜினா தொடங்கினார். முதலில் பழைய போத்தலைக் கத்தியால் பிளந்து, உள்ளே இருந்ததை எடுத்துத் தட்டில் வைத்தார். போத்தல் வடிவிலேயே வெள்ளைக் கட்டி. கழுத்து, தோள், அடிப்பள்ளம் எல்லாம் இருந்தன. வாடை முன்வரிசையை எட்டியது. தாதி மூக்கைப் பொத்தினாள்.

"புதன்கிழமை இது பால்" என்றார் ரெஜினா ஆங்கிலத்தில். "நான் அசைத்துப் பார்த்தேன், அசைந்தது. வியாழக்கிழமை இப்படி. இடையில் என்ன நடந்திருக்கும்?"

நான்கு பேரும் புன்னகைத்தார்கள். சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. டாக்டர் ஃபரீதாவின் பேனா எட்டாவது அம்சத்தின் மேல் நின்றது: "மாணவர் பங்கேற்பு." ரெஜினா அவசரப்படவில்லை. காத்திருந்தார். கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லாமல் காத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமானது என்று முப்பது வருஷம் சொல்லியிருக்கிறேன். காத்திருப்பவரை எதிரே இருந்து பார்த்ததில்லை.

முனியாண்டி முழங்கையால் என் விலாவில் இடித்தார்.

"கையத் தூக்குங்க சார். நீங்கதானே."

தூக்கினேன்.

"பின்வரிசை, சொல்லுங்க" என்றார் ரெஜினா.

"ஒருவர் அமிலம் ஊற்றினார்."

"ஏன் ஊற்றினார்?"

"ஊற்றவா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவில்லை."

யாரோ சிரித்தார்கள். சமையற்காரர் என்று நினைக்கிறேன். அடுத்து கணக்காளர் கை தூக்கினார், அந்த வாரத்தில் முதல் முறையாக: "போத்தலில் அம்மோனியா விட்டதாக நேற்றுச் சொன்னீர்களே, அது ஏன் காப்பாற்றவில்லை?" தாதி திரும்பி, "எவ்வளவு அமிலம்?" என்று கேட்டாள். முனியாண்டி கேள்வி புரிந்தவர்போல விரலால் ஒரு மூடி அளவு காட்டினார். "அதனால்தான் உடனே உறையவில்லை" என்றார் சமையற்காரர், "தயிர் மாதிரி, ராத்திரி எடுத்துக்கொண்டது." கணக்காளர் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குவாதம் தொடங்கியது. ரெஜினா நடுவில் நின்று ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி மட்டும் திருப்பிக் கேட்டார். பிறகு புதுப் பாலைத் தட்டில் ஊற்றி, துளி துளியாக அமிலம் விட்டு, எல்லோரையும் எழுந்து வரச் சொன்னார். நாங்கள் சுற்றி நின்று குனிந்து பார்த்தோம். பால் விளிம்பிலிருந்து சுருங்கித் திரண்டது. பதினான்காவது நிமிஷத்தில் கட்டியை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக, ஈரமாக, இழுத்தால் இழுபட்டது.

துணைமுதல்வரும் டாக்டர் ஃபரீதாவும் தாள்களை ஒப்பிட்டார்கள். நான்காவது அம்சத்தில் இம்முறை கோடு இல்லை. முடிவைச் சொன்னபோது கட்டி எல்லோரையும் சுற்றி ரெஜினாவின் கைக்கே வந்திருந்தது. அதை இரண்டு முறை பிசைந்தார். முனியாண்டிதான் பேசினார்.

"பாஸா? அப்ப இனிமே காடிய மாத்து தாயி."

சான்றிதழ் வழங்கும்போது டாக்டர் ஃபரீதா தயங்கினார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் தர வேண்டும் என்பது அவருடைய விதி. விலக்கு கிடையாது. என் பெயரை அச்சிட்டு எடுத்து வந்தார். ரெஜினா அதை வாங்கி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"புதுசா ஒண்ணு கத்துக்கிட்டீங்கன்னு போட்டிருக்கு சார். சரியா?"

"சரி" என்றேன். இந்த முறை விடை தெரியும்.